பென்சிலில் எழுதிய டிசம்பர்

தண்ணீர்மலையில் தைப்பூசம் முடிந்த மறுநாளே
அடுத்த தைப்பூசத்தை எண்ண உட்காருகிறேன்.
புக்கிட் மெர்தாஜாம் தீவனக்கடைக்காரன் தந்த நாட்காட்டி.
பந்தய நாள்களுக்கு அவன் அச்சடித்த குதிரை,
எங்கள் நாள்களுக்கு நான் போட்ட வட்டம்.
முதலில் பால்குடம். அதிலிருந்து பின்னோக்கி
ஐம்பது நாள், கறவை நிலைக்க.
அங்கிருந்து இருநூற்றெண்பது, வயிறு நிறைய.
விரல் போய் நிற்கும் இடம் மார்ச்சு முதல் வாரம்:
நேப்பியர் புல் நுனி கருகும் வாரம்,
மோட்டார் கிணற்றில் காற்றை உறிஞ்சும் வாரம்.
எந்தக் கிடாரிக்கும் ஆசை வராத வெயில்.

ஆறில் ஐந்து சத்தமாகச் சொல்லிவிட்டன.
முப்பத்தெட்டு கத்திக் கத்தித் தொண்டை கட்டியது.
நாற்பத்தொன்று வேலிமேலேயே ஏறப் பார்த்தது.
நாற்பத்து மூன்று மட்டும்
தவ்வு ஆலைச் சோயா சக்கையைத் தின்றுவிட்டு
சுவரைப் பார்த்து அசைபோடுகிறது.
இருபத்தாறு மாதம். எடை சரி. எலும்பு சரி.
"ஊமைப் பருவம்க்கா," என்றான் தவசீலன்.
"ஊமையோ என்னமோ,
ராயா ஹாஜிக்குக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்
ஹாஜி சம்சுடின்."

பகலில் பார்த்துப் பயனில்லை. சுங்கை பாக்காப் வெயிலில்
மாடுகள் இரகசியத்தை இரவுக்கு ஒதுக்கிவைக்கும்.
தீவன மூட்டைமேல் படுத்தேன்,
ஒரு கொசுவத்தி, ஒரு டார்ச்சு,
குறட்டைவிடும் ஐந்து, விடாத ஒன்று.
ஆறாம் இரவு, மூன்று மணி இருபது.
கணக்கில் இல்லாத மழை தகரத்தில் விழ,
நாற்பத்தாறு மேலே தாவ,
நாற்பத்து மூன்று நகரவில்லை.
நின்றது.
கடனை அடைத்துவிட்டவள்போல் நின்றது.
வாலடியில் டார்ச்சு அடித்தேன்:
கண்ணாடி நூல், அறுபடாமல்.

இரவில் கண்டால் பகலில் ஊசி.
என்சிக் ஹஸ்னுலை எழுப்ப வேண்டியதில்லை.
நோன்பு மாதம், ஐந்து மணிக்கு விழித்திருப்பார்.
பின்னால் கரண்டிச் சத்தம்.
நின்றதா, நிஜமாக நின்றதா என்று மூன்று முறை கேட்டார்.

பிற்பகல் இரண்டுக்கு வந்தார்.
மோட்டார் சைக்கிளில் வெண்புகை கக்கும் குடுவை,
அதற்குள் உறைந்து கிடக்கும் முப்பது காளைகள்,
ஆளுக்கு ஒரு வைக்கோல் பருமன்.
எச்சில்கூட விழுங்கத் தயங்கும் மனிதர்
தோள்வரை கையை விட்டுக்
கண்ணை மூடிக்கொண்டார்,
இருட்டில் சாவித்துளை தேடுகிறவர்போல.
நான் நீட்டிய செம்பில் கை மட்டும் கழுவினார்.

டிசம்பர் பதினொன்று என்று எழுதினேன். பென்சிலில்.

பிறகு ஏப்ரல் மழை. வாய்க்கால் தூர்வாரினோம்.
குளம்பு அழுகாமல் மயில்துத்தம் கரைத்தோம்.
மிஞ்சிய புல்லை ரஃபிக் நறுக்கி
நீல டிரம்மில் ஏறி மிதித்தான்,
பாகு தெளித்து, மூடிமேல் கல் வைத்து.
இருபத்தோராம் நாள், சத்தமில்லை.
நாற்பத்திரண்டாம் நாள், சத்தமில்லை.
ஆனால் இவள் எப்போது சத்தம் போட்டாள்?

தொண்ணூறாம் நாள். ராயா ஹாஜிக்கு மூன்று நாள்.
வாசலில் ஹாஜியின் லோரி, எஞ்சினை அணைக்காமல்.
உள்ளே ஹஸ்னுலின் கை, மறுபடி தோள்வரை.
வால் அவர் கன்னத்தில் ஒன்று வைத்தது.
பொறுத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் உள்ளே.
பிறகு சொன்னார்:
"அடா."
இருக்கிறது என்று, மலாயில்.
எனக்குத் தமிழில் கேட்டது.

லோரி வெறுமையாகப் போகவில்லை.
மூன்று ஊசியும் தங்காத முப்பத்தெட்டு ஏறியது,
ஏறும்போதும் கத்திக்கொண்டு.
தவசீலன் பணத்தை எண்ணினான்.
நான் சாணியைத் தள்ளினேன், அது நின்ற இடத்தில்
இன்னும் சூடாக இருந்ததை.

ஆறு மணிக்குக் கோயிலிலிருந்து போன்:
"அடுத்த பூசத்துக்கு எத்தனை லிட்டர்மா எழுதிக்கட்டும்?"
"கறந்துவிட்டுச் சொல்கிறேன்," என்றேன்.